பியானோ இசைக்குக் கதை அமைத்து வாசிப்பது எப்படி

ஒரு சொனாட்டாவின் ஸ்வரங்கள் எல்லாம் சரியாக விழுகின்றன, தாளம் பிசகவில்லை, பெடல் கலங்கவில்லை. ஆனாலும் கேட்பவர் மனத்தில் எதுவும் பதியவில்லை. இந்தக் கட்டத்தில் மாணவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை 'உணர்ச்சியோடு வாசியுங்கள்' என்பதுதான். அதைக் கேட்டவர் என்ன செய்வார்? உடம்பை ஆட்டுவார், வேகத்தை இழுத்து விடுவார், சத்தத்தைக் கூட்டுவார். உணர்ச்சியைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. ஒரு சூழ்நிலையை மனத்தில் நிறுத்திக்கொண்டால் அது பின்னாலேயே வந்து சேரும். தான் நெகிழாத இசைக்கலைஞரால் பிறரை நெகிழச் செய்ய முடியாது என்று இசையமைப்பாளர் சி.பி.இ. பாக் 1753ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். நெகிழ்வதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா? அந்தக் காரணத்தை வாசிப்பவரே தேடி அமைத்துக்கொள்வதைத்தான் இங்கே கதை அமைத்தல் என்று குறிப்பிடுகிறேன்.

எந்தக் கதையும் உதவும் என்று எண்ணிவிடக் கூடாது. கதையில் வரும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஸ்கோரில் (இசை எழுதிய தாளில்) ஒரு சாட்சி இருக்க வேண்டும்: எதிர்பாராத ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), பிரகாசமான மேஜர் இருண்ட மைனராக மாறும் ஓர் இடம், திடீரென்று விழும் மௌனம் என ஏதேனும் ஒன்று. அதோடு, கதை மனத்துக்குள் வந்த பிறகு விரலோ மணிக்கட்டோ பாதமோ அதற்கு முன் செய்யாத ஒன்றைச் செய்தாக வேண்டும். 'இது ஒரு சோகமான காடு' என்று சொல்லிக்கொண்டு பழையபடியே வாசித்தால், அந்தக் காடு வாசிப்பவரின் தலைக்குள்ளேயே நின்றுவிடும். கேட்பவருக்கு ஓர் இலைகூட எட்டாது.

முதலில் பென்சில், பிறகு கற்பனை

புதிய படைப்பை எடுத்தவுடன் கதையைத் தேட வேண்டாம். பியானோவை விட்டு விலகி உட்கார்ந்து, ஸ்கோரைப் பென்சிலோடு படியுங்கள். சுருதி எங்கே மாறுகிறது, ஒரே வாக்கியம் எத்தனை முறை திரும்பி வருகிறது, திரும்பும்போது எந்த ஸ்வரம் வேறாக இருக்கிறது, மெட்டு எங்கே மேல்குரலை விட்டு நடுக்குரலுக்கோ இடது கைக்கோ இறங்குகிறது, ஓய்வுக்குறிகள் எங்கே நீள்கின்றன என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குறியின் அருகிலும் 'ஏன்?' என்று ஒரு கேள்வியை எழுதிவையுங்கள். கதை என்பது அந்தக் கேள்விகளுக்கு நீங்கள் தரும் விடைதான். கேள்வியே எழாத பாரில் (இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடையிலான பகுதியில்) கதையைத் திணிக்க வேண்டிய அவசியம் இல்லை. சில பார்கள் வெறுமனே நடந்து செல்வதற்காகவே எழுதப்பட்டிருக்கின்றன.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க, கதையை இசையமைப்பாளரே கையில் கொடுத்துவிட்ட ஒரு படைப்பிலிருந்து தொடங்குவது நல்லது. பீத்தோவனின் ஒபுஸ் (படைப்பு எண்) 81ஏ சொனாட்டா அப்படிப்பட்டது. 1809 மே 4 அன்று, பிரெஞ்சுப் படை நெருங்கி வந்ததால், அவருடைய புரவலரும் மாணவருமான ஆர்ச்டியூக் ரூடால்ஃப் வியன்னாவை விட்டு வெளியேறினார். 1810 ஜனவரி 30 அன்று திரும்பினார். சொனாட்டாவின் மூன்று மூவ்மென்ட்களுக்கும் (பகுதிகளுக்கும்) விடைபெறுதல், பிரிவு, மீண்டும் சந்தித்தல் என்று பீத்தோவன் தலைப்பிட்டார். தொடக்கத்தில் ஜி, எஃப், இ ஃப்ளாட் என்று இறங்கும் மூன்று ஸ்வரங்களின் மேல், விடைபெறும்போது சொல்லும் ஜெர்மன் சொல்லின் மூன்று அசைகளையும் எழுதியிருக்கிறார்.

அந்த மூன்று ஸ்வரங்களைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். இரண்டு கொம்புகள் சேர்ந்து தொலைவில் ஊதுவதுபோன்ற அமைப்பு அது. முதல் இரண்டு கேட்டதும், மூன்றாவது இ ஃப்ளாட் மேஜரில் நிம்மதியாக வந்து அமரும் என்று காது எதிர்பார்க்கிறது. மேல்குரல் எதிர்பார்த்த இடத்துக்கே வருகிறது. ஆனால் இடது கை அடியில் சி ஸ்வரத்தை வைத்து, அந்த நிம்மதியை சி மைனராக மாற்றிவிடுகிறது. சில பார்கள் கழித்து அதே அழைப்பு மறுபடி வரும்போது மூன்றாவது கார்ட் இன்னும் விலகி, சி ஃப்ளாட் மேஜருக்குப் போகிறது. அதாவது, விடைகொடுப்பவர் வாயால் சொல்வது ஒன்று, நெஞ்சில் விழுவது வேறொன்று. இந்தக் கதையை ஏற்றுக்கொண்டால் கை என்ன செய்யும்? வலது கை முதல் இரண்டு ஸ்வரங்களைச் சலனமின்றிச் சொல்லும். மூன்றாவதில் மேல்குரலைத் தணித்து, இடது கையின் சி ஸ்வரத்துக்குச் சற்றே கூடுதல் எடையைத் தரும். அதற்கு முன் ஒரு மூச்சளவு தயங்கும். இவை மூன்றும் விரலால் செய்யக்கூடியவை, செய்ததைக் காதால் சரிபார்க்கவும் கூடியவை. அந்த மூவ்மென்ட் முடியும் இடத்தில் அதே அழைப்பு இரு கைகளிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, டானிக்கும் (வீடு திரும்பிய கார்ட்) டாமினென்ட்டும் (வீட்டை நோக்கி இழுக்கும் கார்ட்) சேர்ந்தே ஒலிக்கின்றன. அதைப் பிழையென்று எண்ணிப் பெடலால் சுத்தம் செய்ய முயல்பவர்கள் உண்டு. வண்டி தொலைவுக்குப் போய், இரண்டு பேரின் குரல்களும் காற்றில் கலக்கும் காட்சியை மனத்தில் வைத்தவருக்கு அந்தக் கலப்பு தேவையென்று தானே புரியும்.

யார் பேசுகிறார்கள்?

கதைக்கு நிகழ்ச்சிகளைவிட முதலில் தேவைப்படுவது பேசுபவர். மெட்டை ஒரு மனிதக் குரலாகக் கருதி, அவர் எங்கே நிற்கிறார், யாரிடம் சொல்கிறார், எதிரில் இருப்பவர் கேட்கிறாரா என்று முடிவு செய்யுங்கள். 1892இல் பிராம்ஸ் எழுதிய ஒபுஸ் 117 தொகுப்பின் முதல் இன்டர்மெட்ஸோ இதற்குத் தெளிவான பாடம். அதன் தலையில், கவிஞர் ஹெர்டர் ஜெர்மனில் தந்த ஒரு ஸ்காட்லாந்துத் தாலாட்டின் இரண்டு அடிகள் இருக்கின்றன: குழந்தையே, நன்றாகத் தூங்கு, நீ அழுவதைக் காண எனக்குத் தாங்கவில்லை என்பது அவற்றின் பொருள். மெட்டு மேல்குரலில் இல்லை. மேலும் கீழும் இ ஃப்ளாட் திரும்பத் திரும்ப ஒலிக்க, அவற்றின் நடுவே போர்த்தப்பட்டுக் கிடக்கிறது. பாடுபவர் சன்னக் குரலில், இருட்டில், பக்கத்தில் இருக்கும் ஒரே ஓர் உயிருக்காக மட்டும் பாடுகிறார் என்று எடுத்துக்கொண்டால், கச்சேரி மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே என்று மெட்டை வெளியே தள்ளும் ஆசை அடங்கிவிடும். சுற்றியுள்ள இ ஃப்ளாட்டுகளை மென்மையாக்கி, நடுக்குரலுக்கு விரல் நுனியின் எடையை மட்டும் கொடுத்தால் போதும். நடுப்பிரிவு இ ஃப்ளாட் மைனருக்குச் சாயும்போதுதான் தாயின் சொந்தத் துயரம் வெளிப்படுகிறது. அந்தப் பாடலில் தாய் கைவிடப்பட்டவள். தாலாட்டு திரும்பி வருகையில் அதே மெட்டுதான், ஆனால் பாடுபவர் யாரென்று இப்போது நமக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் முறை அதை முதல் முறைபோலவே வாசிக்க மனம் வருமா என்ன?

திரும்பி வருவது பற்றிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான வாசிப்புகள் சோர்ந்துபோவது அங்கேதான். ஷூமானின் 'குழந்தைக் காட்சிகள்' தொகுப்பில் ஏழாவதான 'டிராய்மெராய்' 24 பார்கள் மட்டுமே கொண்டது. நான்கு பார்களுக்கு ஒரு வாக்கியம் என ஆறு வாக்கியங்கள். ஒவ்வொன்றும் மேல்நோக்கிய நாலாம் இடைவெளியில் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிறது. முதல் வாக்கியத்தின் உச்சி எஃப். இரண்டாவதில் அதே ஏற்றம் ஏ வரை போகிறது. கடைசி வாக்கியத்திலும் உச்சி அதே ஏ ஸ்வரம்தான், ஆனால் அதன் அடியில் உள்ள கார்ட் புதியது, மேலே ஒரு ஃபெர்மாட்டாவும் (நின்று நீட்டச் சொல்லும் குறி) இருக்கிறது. ஒருவர் எதையோ நினைவுபடுத்திக்கொள்ள முயல்கிறார் என்று கதையை வையுங்கள். முதல் முயற்சியில் பாதி நினைவுக்கு வருகிறது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். நடுவில் சுருதி அலையும்போது வேறு ஏதோ நினைவுகள் குறுக்கிடுகின்றன. கடைசியில், அந்த ஃபெர்மாட்டாவில், தேடியது கிடைத்துவிடுகிறது. இந்தக் கதைப்படி முதல் எஃப் ஸ்வரத்தில் நீங்கள் தங்கக் கூடாது, ஏனென்றால் அங்கே இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. ஆறு உச்சிகளிலும் ஒரே மாதிரி ஏங்கி நிற்கும் வாசிப்புகளை அடிக்கடி கேட்க முடிகிறது. ஐந்து முறை கண்டுபிடித்துவிட்ட ஒன்றை ஆறாவது முறை கண்டுபிடிப்பதில் என்ன வியப்பு இருக்கும்?

1838இல் எழுதிய அந்தத் தொகுப்பின் தலைப்புகளை இசையை எழுதி முடித்த பிறகே சேர்த்ததாகவும், அவை வாசிப்பவருக்கான குறிப்புகள் மட்டுமே என்றும் ஷூமான் விளக்கினார். டெபுஸி இன்னும் ஒரு படி போய், 1910லும் 1913லும் வெளிவந்த இரண்டு பிரெலூட் (சிறு தனிப் படைப்பு) தொகுதிகளிலும் தலைப்பை ஒவ்வொரு படைப்பின் கடைசிப் பாருக்கும் கீழே, அடைப்புக்குறிக்குள் வைத்தார். இது ஒரு நல்ல பயிற்சிக்கு வழி காட்டுகிறது: தலைப்பை மறைத்துவிட்டு வாசித்து, நீங்களே ஒரு பெயர் வைத்து, பிறகு இசையமைப்பாளரின் பெயரோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் கவலைப்பட வேண்டாம். எந்தப் பாரில் உங்கள் பெயர் இடறுகிறது என்பதைக் கண்டுபிடித்தால் அதுவே பெரிய ஆதாயம்.

தலைப்பில்லாத இசைக்கு

மொட்ஸார்ட்டின் சொனாட்டாக்களுக்குத் தலைப்பு இல்லை. ஆனால் அவர் ஆப்பரா எழுதியவர் என்பதை நினைவில் வைத்தால் வழி கிடைக்கும். கே. 332 (கே. என்பது மொட்ஸார்ட் படைப்புகளின் பட்டியல் எண்), எஃப் மேஜர் சொனாட்டாவின் முதல் பக்கத்தைப் பாருங்கள். பாடுவதுபோன்ற ஒரு மெட்டோடு தொடங்குகிறது. பன்னிரண்டாவது பாரை ஒட்டி வேட்டைக்கொம்பு ஊதுவதுபோன்ற இன்னொரு மெட்டு உள்ளே வருகிறது. பத்துப் பார்கள் கழித்து எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் டி மைனரில் புயல் அடிக்கிறது. இங்கே ஒரே நபரின் கதை என்று கட்டப் பார்த்தால் அவர் மனநிலை சரியில்லாதவராகத்தான் தெரிவார். மேடையில் மூன்று பேர் அடுத்தடுத்து நுழைகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் இடத்தில் பொருந்துகிறது. முதலாமவருக்கு நீண்ட லெகாட்டோவும் (ஸ்வரங்களை இடைவெளியின்றி இணைத்தல்), இரண்டாமவருக்குத் துள்ளலான, பெடல் குறைந்த தொடுகையும், மூன்றாமவருக்கு இரு கைகளின் முழு எடையும் கொடுங்கள். வேகம் மட்டும் மாறக் கூடாது. மூவரும் நடிப்பது ஒரே மேடையில்.

மெட்டே இல்லாத இசையும் உண்டு. சி.பி.இ. பாக்கின் தந்தை ஜே.எஸ். பாக் 1722இல் தொகுத்த பிரெலூட்-ஃபியூக் வரிசையின் முதல் பிரெலூடில் 35 பார்களும் ஏறக்குறைய முழுக்க உடைத்து வாசிக்கும் கார்டுகள்தாம். அங்கே பாத்திரங்களைத் தேடுவதைவிடத் தொலைவை அளப்பது பயன் தரும்: வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்? 19ஆவது பாரில் முதல் கார்டே ஓர் ஆக்டேவ் கீழே திரும்பக் கிடைக்கிறது. வந்து சேர்ந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. உடனே விலகுகிறது. 24ஆவது பாரிலிருந்து எட்டுப் பார்களுக்கு இடது கையின் அடியில் ஜி நகராமல் நிற்க, மேலே கார்டுகள் இறுகிக்கொண்டே போகின்றன. கதவுக்கு வெளியே நிற்பவரின் பொறுமையின்மை அது. 32ஆவது பாரில் சி கிடைத்த பிறகும் மேலே மூன்று பார்களுக்கு எல்லாம் அமைதியாகிவிடவில்லை என்பதைக் கவனிப்பவர், அங்கே அவசரப்பட்டு ஓய்ந்துவிட மாட்டார்.

கடன் வாங்கிய கதைகள்

நம் மனத்தில் ஏற்கெனவே யாரோ வைத்துவிட்டுப் போன கதைகளை எடைபோடாமல் ஏற்றுக்கொள்வதுதான் இந்த வழியில் உள்ள மிகப் பெரிய ஆபத்து. ஒபுஸ் 27 எண் 2, 1801இல் எழுதப்பட்டது. பீத்தோவன் அதற்கு வைத்த பெயர் 'ஃபேன்டசியா போன்ற ஒரு சொனாட்டா' என்பது மட்டுமே. நிலவொளி என்ற பெயர், அவர் மறைந்த பிறகு லுட்விக் ரெல்ஷ்டாப் என்ற விமர்சகர் சொன்ன ஓர் உவமையிலிருந்து வந்தது. நிலவையும் ஏரியையும் மனத்தில் வைத்தவர்கள் முதல் மூவ்மென்டைத் தூக்கக் கலக்கத்தோடு வாசிக்கிறார்கள். ஸ்கோர் என்ன சொல்கிறது? பாருக்கு இரண்டு தட்டு என்று காலக்குறி இருக்கிறது. அதாவது ட்ரிப்லெட்டுகளை (மும்மூன்றாக வரும் ஸ்வரங்களை) ஒவ்வொன்றாக எண்ணி நிற்காமல் பாரைப் பெரிய அடிகளாக நடக்கவிட வேண்டும். ஐந்தாவது பாரில் மேல்குரல் நுழைவது மெட்டாகவே இல்லை. ஜி ஷார்ப் என்ற ஒரே ஸ்வரம் நீண்டும் குறுகியும் நீண்டும் திரும்ப ஒலிக்கிறது. இந்த நடை சவ ஊர்வலத்துக்கு உரியது. இதற்குச் சாட்சி தாளில் இருக்கிறது. நிலவுக்கு அப்படி ஒன்றையும் காட்ட முடியாது. டாம்பர்களை (கம்பிகளின் ஒலியை அடக்கும் உறுப்புகளை) உயர்த்தியபடியே வாசிக்க வேண்டும் என்ற பீத்தோவனின் குறிப்பையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். அன்றைய பியானோக்களில் ஒலி விரைவில் தேய்ந்துவிடும், இன்றையவற்றில் அவ்வளவு விரைவாகத் தேயாது. ஆகவே ஹார்மனி மாறும் இடங்களில் பெடலை முழுவதும் விடாமல் பாதி அளவுக்கு மாற்றினால், கலங்கலும் தெளிவும் அளவாகச் சேரும்.

ஷோபானின் டி ஃப்ளாட் மேஜர் பிரெலூடை, ஒபுஸ் 28 எண் 15ஐ, உலகம் மழைத்துளி என்று அழைக்கிறது. அது அவர் வைத்த பெயர் இல்லை. மயோர்க்காத் தீவில் 1838-39 குளிர்காலத்தில் ஒரு மழை நாளில் அவர் வாசித்த ஒரு பிரெலூடைப் பற்றி, அப்போது அவருடன் இருந்த எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் எழுதினார். அதே பதிவில், வெளிச் சத்தத்தை இசை நகலெடுத்தது என்ற பேச்சுக்கே ஷோபான் கோபப்பட்டதையும் சொல்கிறார். தம் படைப்புகளுக்கு லண்டன் பதிப்பாளர் சூட்டிய அலங்காரப் பெயர்களையும் ஷோபான் வெறுத்தார். சரி, மழையை விட்டுவிட்டால் என்ன மிஞ்சுகிறது? ஏ ஃப்ளாட் என்ற ஸ்வரம் கிட்டத்தட்ட ஓயாமல் ஒலிக்கிறது. முதல் பிரிவில் அது மெட்டின் கீழே, யாரும் கவனிக்காத ஓர் ஓரத்தில் இருக்கிறது. நடுப்பிரிவு சி ஷார்ப் மைனருக்கு மாறும்போது அதே விசைதான், தாளில் மட்டும் ஜி ஷார்ப் என்று எழுதப்பட்டு, மெட்டுக்கு மேலே ஏறிவிடுகிறது. மெட்டு பாதாளத்துக்கு இறங்கி இடது கையில் நகர்கிறது. ஆக, ஒலி மாறவில்லை, கேட்பவர் மாறியிருக்கிறார். பகலில் காதில் விழாத ஒன்று இரவில் தூங்கவிடாமல் செய்கிறது என்று கதையை அமைத்துக்கொள்ளலாம். அப்படியானால் முதல் பிரிவில் விசை முழுவதும் மேலே வருவதற்கு முன்பே மீண்டும் அழுத்தி, அந்த ஸ்வரத்தைத் துளித்துளியாகத் தெறிக்கவிடாமல் ஒரு படலமாக்குங்கள். நடுப்பிரிவில் ஒவ்வொரு அடியும் தனித்து விழட்டும். முடிவுக்குச் சற்று முன்னால் அந்த ஸ்வரம் நின்று, மெட்டு துணையின்றித் தனியே ஒலிக்கும் ஓர் இடம் வருகிறது. மழைக்கதையில் அங்கே வானம் வெளுத்தது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. தூக்கமில்லாதவரின் கதையில் அது எவ்வளவு பெரிய நிகழ்ச்சி என்று வாசித்துப் பார்த்தால் தெரியும்.

இசையமைப்பாளரின் வாழ்க்கையிலிருந்து எடுக்கும் கதைகளும் கடன் வாங்கியவையே. மொட்ஸார்ட் ஏ மைனர் சொனாட்டாவை, கே. 310ஐ, 1778இல் பாரிஸில் எழுதினார். அவருடைய தாய் அதே ஆண்டு ஜூலை 3 அன்று அங்கே இறந்தார். உடனே இது புலம்பல் என்று முடிவுகட்டி முதல் மூவ்மென்டைத் தளர்ந்துபோய் வாசிப்பவர்கள், அதன் தலையில் 'கம்பீரமாக' என்று எழுதியிருப்பதையும், இடது கை விடாப்பிடியாகக் கார்டுகளைத் தட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கத் தவறுகிறார்கள். துக்கம் இருக்கலாம், ஆனால் இந்தத் தாளில் இருப்பவர் நிமிர்ந்து நிற்கிறார்.

கதையைக் கைக்கு மாற்றுவது

கதையை ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். வரியின் உயிர் வினைச்சொல்லில் இருக்கட்டும். 'சோகமான, மென்மையான, மர்மமான' என்ற அடைமொழிகள் விரலுக்கு எதையும் சொல்வதில்லை. 'தயங்குகிறார்', 'பொய் சொல்கிறார்', 'பாதியில் நிறுத்துகிறார்', 'காதில் விழாததுபோல் இருக்கிறார்' என்று எழுதினால், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடையும் ஒரு வேகமும் உடனே கிடைக்கின்றன. பிறகு அந்த வரியின் அருகிலேயே, இதற்காக நான் செய்யப்போவது என்ன என்று இன்னொரு வரி: பெடலைத் தாமதமாக மாற்றுவேன், நான்காம் விரலின் ஸ்வரத்தை மட்டும் உயர்த்துவேன், கிரெஷெண்டோவை (ஒலி படிப்படியாகக் கூடுவதை) இரண்டு பார்கள் தள்ளிப்போடுவேன் என்பதுபோல. இரண்டாவது வரியை எழுத முடியாத இடத்தில் முதல் வரியை அடித்துவிடுங்கள்.

மௌனங்களுக்கும் வரி எழுத வேண்டும். ஷூபர்ட் 1828இல், தம் கடைசி ஆண்டில், எழுதிய பி ஃப்ளாட் மேஜர் சொனாட்டாவில் அமைதியான தொடக்க மெட்டு முடிந்ததும், எட்டாவது பாரில், கீழே ஆழத்தில் ஜி ஃப்ளாட்டில் ஒரு டிரில் (இரு ஸ்வரங்கள் மாறிமாறி விரைந்து ஒலிப்பது) மிக மென்மையாக உறுமுகிறது. அதன் பின் ஃபெர்மாட்டா இட்ட ஓய்வு. அந்த ஓய்வில் உங்கள் பாத்திரம் என்ன நினைக்கிறது என்று தெரியாவிட்டால் நீங்கள் வெறுமனே எண்ணிக்கொண்டிருப்பீர்கள், கேட்பவரும் அதையே செய்வார். 'இப்போது கேட்டது என்ன?' என்ற கேள்வி அந்த மௌனத்தில் இருந்தால் அடுத்த வாக்கியம் தொடங்கும் விதமே வேறாகிவிடும். கை அசையாமல் விசைகளின் மேல் காத்திருப்பதா, மடிக்கு வருவதா என்பதைக்கூட அந்தக் கேள்வி முடிவு செய்துவிடும்.

சிக்கலான எட்டுப் பார்களுக்கு ஒன்றுக்கொன்று ஒத்துவராத மூன்று கதைகளை அமைத்து, மூன்று விதமாகவும் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒரு நாள் கழித்து, எது எந்தக் கதை என்று பார்க்காமல் கேளுங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் கதைகள் இன்னும் கையை எட்டவில்லை என்று பொருள். வேறுபாடு தெரிந்தால், ஸ்கோரின் குறிகளுக்கு மிகக் குறைவாக முரண்படுவதை வைத்துக்கொள்ளுங்கள். அழகான கதை தோற்று எளிய கதை வெல்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

வேறொருவரிடம் வாசித்துக் காட்டும்போது கதையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், முடிந்த பின் 'என்ன கதை தோன்றியது?' என்றும் கேட்காதீர்கள். அவருக்கு வேறு கதை தோன்றினால் அதில் தவறு இல்லை, எதுவுமே தோன்றாவிட்டாலும் தவறு இல்லை. 'எந்த இடத்தில் ஏதோ மாறியதுபோல் இருந்தது?' என்று மட்டும் கேட்டு, அவர் காட்டும் இடங்களை உங்கள் துண்டுத் தாளோடு ஒப்பிடுங்கள். அவர் காட்டாமல் விட்ட இடங்களில், கேட்பவரை எட்டாமல் போனது வேகமா, எடையா, பெடலா என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்துப் பாருங்கள். மேடைக்குப் போகும் வாரத்தில் அந்தத் தாளையும் எடுத்து வைத்துவிடலாம். வாசிக்கும் நேரத்தில் கதையை வரிவரியாக மனத்தில் ஓட்டிக்கொண்டிருப்பவர் தம் கையிலிருந்து வரும் ஒலியைக் கேட்க மறந்துவிடுகிறார்.